திருட்டுச் செம்பருத்தி

நகரப் பூங்காவின் கண்ணாடிச் செடி மாளிகைக்குள் நுழைந்ததும் செவரினின் மூக்குக்கண்ணாடி வெள்ளையாக மூடிக்கொண்டது. வெளியே காது கழன்று விழுந்துவிடுவது போன்ற ஜனவரிக் குளிர். உள்ளே வாழையும் பனையும் வியர்வை சொட்ட நின்றன. திருட வந்தவனுக்கு முதல் காரியமே கண் தெரியாமல் போவதா என்று நொந்தபடி சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

கோட்டு வேறு கையில் இல்லை. கோட்டு, தொப்பி, பை எல்லாவற்றையும் வாசலில் ஒப்படைத்துவிட்டு, எண் போட்ட வில்லையை வாங்கிக்கொண்டுதான் யாரும் உள்ளே வர முடியும். மிச்சமிருந்தது உடம்போடு ஒட்டிய ஒரு கம்பளிச் சட்டை. அதில் தீப்பெட்டி வைக்க ஒரு பைகூடக் கிடையாது.

அவர் மனைவி கோர்னேலியா இதற்கெல்லாம் அசரமாட்டாள். வீட்டு ஜன்னல் முழுக்க அவள் கொப்பு கிள்ளி வந்து வளர்த்த திருட்டுச் செடிகள்தான். பல் மருத்துவர் அறையில் கிள்ளியது ஒன்று, நகராட்சி மாடிப்படியில் கிள்ளியது ஒன்று, மாதா கோயிலைக்கூட விட்டுவைக்கவில்லை. திருடிய கொப்புதான் நன்றாக வேர் பிடிக்கும் என்பது அந்த ஊர்ப் பெண்களின் சட்டம். யாராவது கொடுத்துவிட்டால் பாதி பலன் போச்சு. கொடுத்ததற்கு நன்றி வேறு சொல்லிவிட்டால் செடியை நேராகக் குப்பையில் போட்டுவிடலாம். தங்கை ஆசையாகத் தொட்டியோடு ஒரு செடி கொண்டுவந்தபோது, கோர்னேலியா சண்டைக்காரி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கிவைத்தாள். அவள் கிள்ளும்போதெல்லாம் செவரின் பத்தடி தள்ளி, யாரோ எவரோ என்பதுபோல் நிற்பார். காது மட்டும் சிவந்துவிடும். டிராமில் டிக்கெட் பரிசோதகராக ஆயுள் முழுக்கத் திருட்டுப் பயணிகளைப் பிடித்த மனிதர், பாவம்.

போன வாரம் மருத்துவமனையில், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டார்கள். புற்று நுரையீரல் முழுக்கப் பரவிவிட்டது. நேற்று காலை அவள் கட்டிலில் இருந்தபடி சொன்னாள்:

"செடி மாளிகைக்குள்ள குளத்தோரம் ஒரு செம்பருத்தி இருக்குல்ல? காவலுக்கு இருக்கற ரெனாத்தா நாற்காலிக்குப் பக்கத்துலயே. அதுல மட்டும் என்னால கைவைக்க முடியல. நீ போய் எடுத்துட்டு வா."

"கேட்டா குடுத்துடுவா."

"கேட்டு வாங்குறதுக்கு நீ எதுக்குடா? திருடிட்டு வா. அது வேர் விட்டா நானும் வசந்தம் வரைக்கும் இருக்கேன். பந்தயம்."

"பைத்தியம்" என்றார் செவரின். ஆனால் ராத்திரி முழுக்க அந்தப் பந்தயத்தையே நினைத்துக்கொண்டு கிடந்தார். மருந்து கைவிட்ட பிறகு மனிதன் எதைத்தான் பிடித்துக்கொள்வான்?

குளத்தோரம் வழக்கமான கூட்டம். குளிர்காலத்தில் ஊரில் பாதிக் கிழடுகளுக்கு இந்த இடம்தான் கதி. வீட்டில் கணப்புக்கு ஆகும் செலவு மிச்சம். இருவர் சதுரங்கம் ஆடினார்கள், ஒருத்தி மீன்களைப் பார்த்தபடி தூங்கினாள். செம்பருத்தி இரண்டு சிவப்புப் பூவோடு நின்றது. காவல் நாற்காலி காலியாக இருந்தது. செவரின் கையை நீட்டினார். கை கொப்பைத் தொட்டது. தொட்டதோடு நின்றுவிட்டது. யாரோ தோளைத் தட்டி, டிக்கெட் எங்கே என்று கேட்கப்போகிறார்கள் என்று முதுகு கூசியது.

"என்னய்யா, தனியா வந்திருக்கீங்க? அம்மா எங்க?"

ரெனாத்தாதான். கையில் கத்தரிக்கோலும் வாளியுமாக வந்து நின்றாள்.

"அவளுக்கு முடியல." செவரினின் கை இன்னும் கொப்பின்மேல்தான் இருந்தது.

ரெனாத்தா அவர் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். நல்ல தளிராகப் பார்த்து நறுக்கென்று வெட்டி, ஈரக் காகிதத்தில் சுற்றி அவர் கையில் திணித்தாள்.

"நன்றிம்மா" என்றார் செவரின்.

வளர்த்த விதம் அப்படி. சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.

"ஐயோ, ஏன்யா அதைச் சொன்னீங்க?"

"போச்சு. எல்லாம் போச்சு." செவரின் அந்தப் பொட்டலத்தை, சுட்டதுபோல் பெஞ்சில் வைத்தார். "இதைத் திருடணும்மா. திருடினாத்தான் வேர் விடும்னு சொல்லியிருக்கா. வசந்தம் வரைக்கும்னு பந்தயம் கட்டியிருக்கா."

"அவ்வளவுதானே? அந்த அம்மா இங்க கிள்ளாததா? பார்த்தும் பாக்காத மாதிரிதான் இருப்பேன். இப்பவும் திரும்பிக்கறேன். நான் எதையும் பாக்கல."

"நீங்க வேணும்னு திரும்பிக்கிட்டா அது திருட்டா? அதுவும் குடுத்த மாதிரிதானே?"

என்றாலும் அவள் திரும்பிக்கொண்டாள். வாழை மரத்தைப் பார்த்தபடி நின்ற அவள் முதுகு லேசாகக் குலுங்குவதை செவரின் பார்த்தார். இப்படி ஒரு காவலுக்கு எதிரில் எவனால் திருட முடியும்? வேறு வழியில்லாமல் ஒரு கொப்பை ஒடித்தார். பழக்கமில்லாத கை. பட்டை நார்நாராகக் கிழிந்து வந்தது. அதைக் கம்பளிச் சட்டைக்குள், நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, வாசலில் கோட்டை வாங்கி மாட்டி, பனி கொட்டும் தெருவில் டிராமுக்கு நடந்தார். ஒரு கொப்பைக்கூட ஒழுங்காகத் திருடத் துப்பில்லாத தன்மேல் அவருக்கு ஆத்திரமாக வந்தது.

கோர்னேலியா விழித்திருந்தாள்.

"திருடினியா?"

"திருடினேன்."

"ரெனாத்தா இல்லையா?"

"இருந்தா. அந்தப் பக்கம் திரும்பியிருந்தா."

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனாலும், நிஜத் திருட்டென்றால் சிவந்துவிடும் அவர் காது இன்று சிவக்கவில்லை. அத்தனை வருஷமாக அந்தக் காதைப் பார்த்து வருகிறவள் அவள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"திருடன் மூஞ்சியே இல்லடா உனக்கு" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமானது. பிறகு கொப்பைக் கேட்டு வாங்கினாள். கிழிந்த பட்டையை விரலால் நீவி, தண்ணீர்த் தம்ளரில் தானே வைத்தாள். தம்ளரை ஜன்னலில், மற்றத் திருட்டுச் செடிகளுக்கு நடுவே வைக்கச் சொன்னாள். செவரின் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"நன்றி, செவரின்."

அவர் பதறிப்போனார். "ஏண்டி சொன்ன? உனக்குத் தெரியாதா? எதுக்கு அதைச் சொன்ன?"

அவள் ஈர விரலைப் போர்வையில் துடைத்துக்கொண்டாள்.

"வாய் தவறிடுச்சு. அப்படித்தானே? வாய் தவறித்தானே சொன்ன?" செவரின் விடவில்லை.

"இல்ல" என்றாள் கோர்னேலியா. "பந்தயம் கிடக்கட்டும்."

பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லிக் கையை நீட்டினாள். செவரின் தம்ளரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு போய் உட்கார்ந்தார்.