சொந்த உபயோகத்துக்கு

வீடு இல்லை என்று சொல்பவன் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. வீட்டைத் திறந்து காட்டி, குழாயைத் திருகிக் காட்டி, பிறகு நம் முகத்தைப் பார்த்து இல்லை என்கிறானே, அவனைத்தான் என்னால் மன்னிக்க முடியாது. 1976-ஆம் வருஷம் அப்படி ஒருவர் என்னிடம் மாட்டினார். பெயர் வேதாசலம்.

நான் பிலோமினா. அப்போது வேலூர் கருவூலத்தில் டைப்பிஸ்ட். என் கணவர் இருதயராஜ் ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைக்கிற வேலை பார்த்தார். எனக்கு வேலூருக்கு மாற்றல் வந்த பிறகு, நான் பெண்கள் விடுதியில் ஒரு கட்டிலில் கிடந்தேன். அவர் நாலு ஆட்களோடு ராணிப்பேட்டையில் ஓர் அறையில் இருந்தார். எங்கள் மகள் ஜெயசீலியை ஆம்பூரில் நாத்தனார் வீட்டில் விட்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமைதான் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். ஒரு ஞாயிறு அவள் நாத்தனாரை அம்மா என்றும் என்னை அத்தை என்றும் கூப்பிட்டாள். குழந்தை தடுமாறிவிட்டது என்று எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன்.

எனக்கு வீடு ஒதுக்கலாம் என்கிற சர்க்கார் ஆர்டர் என்னிடம் இருந்தது. வீடுதான் இல்லை. அந்தக் காலத்தில் ஊருக்குள் ஒரு வீடு காலியானால் சொந்தக்காரர் அதை ஒதுக்கீட்டு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டுக்காகக் காத்திருக்கும் அரசாங்க ஊழியருக்கு அதை அவர் ஒதுக்கித் தருவார். வாடகையையும் சர்க்காரே நிர்ணயிக்கும். நினைத்தபோது காலி செய்யச் சொல்லவும் முடியாது. இப்படி ஒரு சட்டம் இருந்தால் எந்த வீட்டுக்காரன் வாயைத் திறப்பான்? காலி வீட்டுக்குப் பூட்டைப் போட்டுவிட்டு, ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்பான். அதனால் நாங்களே தெருத் தெருவாகச் சுற்றிக் காலி வீட்டைக் கண்டுபிடித்து ஆபீசில் சொல்ல வேண்டும். ஆர்டரை நீட்டினால் போதும், அதுவரை காலியாக இருந்த வீட்டில் திடீரென்று யாராவது குடியிருப்பார்கள்.

வேலப்பாடியில் வேதாசலத்துக்கு ஒரே தெருவில் இரண்டு வீடுகள். பெரியதில் அவர் குடும்பம் இருந்தது. நாலு வீடு தள்ளி இருந்த சின்னது காலி. இரண்டே அறை, ஒரு சமையல்கட்டு. எனக்கு அதுவே அரண்மனையாகத் தெரிந்தது. கட்டில் எங்கே, ஜெயசீலியின் பள்ளிக்கூடப் பையை மாட்ட ஆணி எங்கே என்பதுவரை அங்கேயே நின்று முடிவு செய்துவிட்டேன்.

வேதாசலம் கடுக்காய் மண்டி வைத்திருந்தார். தோல் பதனிடக் கடுக்காயும் பட்டையும் டேனரிகளுக்கு அனுப்பிப் பணம் பார்த்தவர். முதல் நாள் நான் தனியாகத்தான் போனேன். சிரித்துப் பேசினார். "கவர்மென்ட்டு உத்தியோகம், வேற இன்னாம்மா வேணும்? வாடகை ஒழுங்கா வந்துடும்" என்றார். அவர் மனைவி பங்கஜம் மோர் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை கணவரையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இருதயராஜ் இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். சுண்ணாம்புக் குழி வாசனை சோப்புக்கு அடங்காது. அது நகக் கண்ணில் இருக்கும், தலைமுடியில் இருக்கும். அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் பங்கஜம் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனாள்.

"சாருக்கு எங்க வேலை?" என்றார் வேதாசலம்.

"டேனரிங்க. ராணிப்பேட்டைல."

"ஆபீஸ்லயா?"

"இல்லீங்க. குழில."

அதற்கு மேல் அவர்கள் எங்களோடு பேசவில்லை, தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிறகு வேதாசலம் தொண்டையைச் செருமினார். "தப்பா நெனைக்காதம்மா. எங்க மச்சான் ஒருத்தர் அந்த வீட்டைக் கேட்டுட்டு இருக்காரு. சொந்தத்த விட முடியாது பாரு."

நாங்கள் தெருவில் இறங்கி நாலடி நடந்திருப்போம். பின்னால் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பங்கஜம் அந்த நாற்காலியை வாசலில் போட்டு, வாளித் தண்ணீரை ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் முனை திரும்பும் வரைகூட அவளுக்குப் பொறுக்கவில்லை. இருதயராஜும் பார்த்தார். "வா பிலோ, பஸ்ஸு போய்டும்" என்று மட்டும் சொன்னார். அந்த மனுஷனுக்குக் கோபம் வராது. அவர் பங்கையும் சேர்த்து ஆண்டவர் எனக்குக் கொடுத்திருந்தார். அவர்கள் சாப்பிடுகிற சோறே தோல் போட்ட சோறு. அந்த வீட்டுக்குள் என் புருஷனை உட்கார வைக்காமல் நான் ஓயப்போவதில்லை என்று பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே முடிவு செய்தேன்.

மறுநாளே ஒதுக்கீட்டு அதிகாரியிடம் போனேன். அவர் பெயர் அருணகிரி. எமர்ஜென்சி காலம். ஆபீசர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாலே ஊர் நடுங்கும். வேலப்பாடியில் இன்ன வீடு காலி, தகவல் தராமல் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். வியாழக்கிழமை வந்து பார்ப்பதாக வேதாசலத்துக்கு ஆள் அனுப்பினார்.

வேதாசலம் சும்மா இருப்பாரா? மச்சான் கதை ஆபீசரிடம் செல்லாது. வீட்டுக்குச் சொந்தக்காரனே குடிவந்தால்தான் வீடு தப்பும். யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். புதன்கிழமையே சின்ன வீட்டுக்கு மாவிலைத் தோரணம் கட்டி, ஐயரைக் கூப்பிட்டு, பால் காய்ச்சிவிட்டார். பொய்யைச் செய்தாலும் சாஸ்திரப்படி செய்ய வேண்டும் அவருக்கு. பெண்டாட்டி, பாத்திரம், சாமி படம் எல்லாம் சின்ன வீட்டுக்கு வந்தன. தெருவில் ஒரு வீடு விடாமல் பாலும் கேசரியும் போயிற்று. பெரிய வீட்டுக்குப் பூட்டு. அதிகாரி வந்து போகும் வரை நாலு நாள் அங்கே படுத்திருந்துவிட்டு, பழையபடி பெரிய வீட்டுக்குப் போய்விடலாம் என்பது கணக்கு.

வியாழக்கிழமை நானும் ஆபீஸ் ஜீப்புக்குப் பின்னாலேயே போய் நின்றேன். அருணகிரி உள்ளே எட்டிப் பார்த்தார். அடுப்பில் குழம்பு கொதித்தது.

"இதுல யாருய்யா இருக்கறது?"

"நாங்கதான் சார். சொந்த உபயோகத்துக்கு வெச்சிக்கினோம். நேத்துதான் பால் காய்ச்சினோம். தெருவையே கேளுங்க" என்றார் வேதாசலம். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. எதிர்வீட்டுக்காரர், பக்கத்து வீட்டு அம்மாள் எல்லாரும் ஆமாம் ஆமாம், நாங்களும் பால் குடித்தோம் என்றார்கள். அருணகிரி கேட்டபடி வேதாசலம் வாக்குமூலத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அருணகிரிக்கும் ஒரு டம்ளர் பால் வந்தது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எனக்கு அது தெருவின் நடுவில் நிற்கும்போதே உறைத்தது. நான் வாயைத் திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, தோற்றவளைப் போலவே திரும்பி வந்தேன். மறுநாள் காலையில் அருணகிரியின் மேஜை முன்னால் நின்றேன்.

"சார், வேதாசலம் அந்தச் சின்ன வீட்லதான் இருக்காருன்னு நீங்களே பார்த்தீங்க."

"ஆமா. அதான் உனக்குக் கெடைக்கலயே."

"அப்ப அவரு முன்ன இருந்த பெரிய வீடு காலிதானே சார்? பூட்டிக் கிடக்குது. தகவலும் தரல. அத எனக்கு ஒதுக்குங்க."

அருணகிரி, ரொம்ப நாளாகச் சிரிக்காதவர் சிரிப்பதுபோலச் சிரித்தார். அன்று சாயங்காலமே பெரிய வீட்டுப் பூட்டின் மேல் அரக்கு முத்திரை விழுந்தது.

சனிக்கிழமை வேதாசலம் கருவூலத்துக்கே ஓடி வந்தார். வெயிலில் முகம் கறுத்துவிட்டது. "இன்னாம்மா இது, இப்படிப் பண்ணிட்ட? சின்ன வீட்டையே எடுத்துக்கோ. வெள்ளை அடிச்சித் தர்றேன்."

"அது உங்க சொந்த உபயோகத்துக்காச்சே சார்" என்றேன், டைப் அடிப்பதை நிறுத்தாமல்.

அவர் மாட்டிக்கொண்ட இடம் அவருக்கே தெரிந்தது. பெரிய வீட்டில்தான் குடியிருக்கிறேன் என்றால், அதிகாரியிடம் பொய் சொன்னதாகக் கேஸ் வரும். மண்டிக்காரர்கள் அந்த வருஷம் கேஸ் என்ற வார்த்தையைக் கேட்டாலே கடையைச் சாத்துவார்கள். ஏற்கெனவே இரண்டு பேரை உள்ளே வைத்திருந்தார்கள். பொய் இல்லை என்று சாதித்தால் பெரிய வீடு போகும்.

அருணகிரி என்னைக் கூப்பிட்டு எச்சரித்தார். "சின்னதுக்கு ஒத்துக்கினா நாளைக்கே சாவி தர்றேன். பெரிசுதான் வேணும்னா அந்த ஆளு கோர்ட்டுக்குப் போகலாம். அப்புறம் உனக்கு ரெண்டும் இருக்காது."

அந்த ஞாயிறு ஆம்பூரில் இருதயராஜ் கெஞ்சினார். "சின்ன வீடே போதும் பிலோ. புள்ளையக் கூட்டிட்டு வந்துடலாம். நமக்கு எதுக்கு அவுங்க பேஜாரு?" ஜெயசீலி என் மடியில் உட்கார்ந்து, எப்போ நம்ம வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டாள். எனக்கு மனசு ஆடத்தான் செய்தது. என்னைக் கட்டிப் பிடிக்கிற குழந்தையை இன்னும் எத்தனை ஞாயிறு பிய்த்து விட்டுவிட்டு வரப்போகிறேன்? ஆனால் அவருக்கு வீடு மட்டும்தான் வேண்டியிருந்தது. எனக்கு வீடும் வேண்டும், வேதாசலமும் வேண்டும். பெரிய வீடுதான் என்று அருணகிரியிடம் சொல்லிவிட்டேன்.

மூன்று வாரம் தூக்கமில்லை. கோர்ட்டு நோட்டீஸ் வந்துவிடுமோ என்று தபால்காரரைக் கண்டாலே ஓடிப்போய்க் கேட்டேன். வரவில்லை. வேதாசலம் பயந்துவிட்டார். சித்திரை மாதம் முத்திரையை உடைத்துச் சாவியை என் கையில் கொடுத்தார்கள். ஜெயசீலி கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினாள். ராத்திரி எனக்கும் இருதயராஜுக்கும் நடுவில் படுத்துத் தூங்கினாள். கூடத்தில் புது நாற்காலி போட்டு இருதயராஜை உட்கார வைத்தேன். அவர் விளிம்பில்தான் உட்கார்ந்தார். நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள் என்று அதட்டினேன்.

வேலூர் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். வைகாசியில் தெருக்குழாய் வெறும் காற்றைத்தான் விடும். அந்தத் தெருவில் நல்ல தண்ணீர் வற்றாத கிணறு ஒன்றுதான், அது எங்கள் கொல்லையில் இருந்தது. சின்ன வீட்டில் கிணறு கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொல்லைக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. இருதயராஜ் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். அவர்தான் கதவைத் திறந்தார். இடுப்பில் குடத்தோடு பங்கஜம் நின்றிருந்தாள். கூந்தல் வாரியிருக்கவில்லை.

"ரெண்டு நாளா குழாய்ல தண்ணி இல்ல. ஒரு கொடம் சேந்திக்கட்டுமா?" என்றாள், அவரைப் பார்க்காமல், கிணற்றைப் பார்த்து.

"அதுக்கென்னாம்மா, சேந்திக்கோங்க" என்று அவர் கயிறை நீட்டினார். அவளும் கையை நீட்டினாள்.

நான் சமையல்கட்டிலிருந்து இறங்கி வந்து, நடுவில் புகுந்து கயிறை வாங்கிக்கொண்டேன். என் அம்மா சேத்துப்பட்டுப் பக்கத்தில் ஓர் ஊர்க் கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு, யாராவது மனமிரங்கி ஊற்றட்டும் என்று காலையெல்லாம் வெயிலில் நிற்பாள். எப்படி நிற்பாள், எவ்வளவு தூரத்தில் நிற்பாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

"கயிறத் தொடாதீங்க" என்றேன். "கொடத்த அங்க வெச்சிட்டு, தள்ளிப் போய் நில்லுங்க. நான் சேந்தி ஊத்துறேன்."

பங்கஜம் முகம் சிவந்து நின்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. போய்விடுவாள் என்று நினைத்தேன். ஆனால் வெறும் குடத்தோடு திரும்பிப் போனால் அங்கே அடுப்பில் உலை வைக்க முடியாது. குடத்தைத் தரையில் வைத்து நாலடி பின்னால் நகர்ந்தாள். இன்னும் தள்ளி என்று கையைக் காட்டினேன். துவைக்கிற கல்லைத் தாண்டிப் போய் நின்றாள்.

வாளி குடத்தில் பட்டுவிடாமல் உயரத் தூக்கி ஊற்றினேன். பாதி தண்ணீர் தரையில் போனது. போகட்டும் என்று இருந்தேன். இருதயராஜ் அலசிய துணியைக்கூட எடுக்காமல் உள்ளே போய்விட்டார். எனக்குப் பாவமாக இல்லை. சந்தோஷமாக இருந்தது.

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பங்கஜம் கதவுவரை போனாள். அங்கே நின்றாள்.

"நாளைக்கும் வரலாமா?"

"வாங்க" என்றேன். "ஆனா நான் வீட்ல இருக்கற நேரமாப் பார்த்து வாங்க. அவருகிட்ட கேட்டீங்கன்னா, பாவம் பார்த்து கயிறக் குடுத்துடுவாரு."