அழுகைக்கு அனுமதி

நூரியா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். மூன்று இரவு. மூன்று இரவும் பிள்ளைகள் மற்றவர் தூக்கத்தைக் கெடுக்காமல் இருந்தால், மார்ச் நடுவில் குளிர்கால முகாம் பருவம் முடியும்வரை சபீகாவின் கூடாரம் பாலைவனத்தில் நிற்கலாம். கெடுத்தால், மூட்டையைக் கட்டிக்கொண்டு குவைத் நகரத்து ஏழாம் மாடிக்குத் திரும்பிவிட வேண்டும்.

நூரியா சபீகாவின் நாத்தனார். கணவன் யாகூபுக்கு எட்டு வயது மூத்தவள். ஆண்கள் கூடாரம் அடித்தார்கள், ஜெனரேட்டர் கொண்டுவந்தார்கள், ஆடு வாங்கினார்கள். ஆனால் யார் எங்கே படுப்பது, யார் எப்போது எழுந்திருப்பது என்பதெல்லாம் நூரியா சொல்வதுதான். வந்ததும் எல்லாருடைய போனையும் ஒரு கூடையில் வாங்கிப் போட்டுவிடுவாள். தன்னிடம் மட்டும் மணல் பட்டாலும் சாகாத பழைய பட்டன் போன் ஒன்றை வைத்துக்கொள்வாள். "பாலைக்கு வந்தா பாலையைப் பாருங்க. போனைப் பாக்கறதுக்கு வீடு இருக்கு" என்பாள். கைக்குழந்தை முகாமுக்கு வரக்கூடாது என்பதும் அவள் வைத்த சட்டம்தான்.

அந்தச் சட்டத்தால் சபீகா இரண்டு குளிர்காலமும் மூன்றாவதில் பாதியும் இழந்திருந்தாள். முதலில் தாரி பிறந்தான். அடுத்து மிஷாரியும் லூல்வாவும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொரு வியாழனும் யாகூப் வண்டியில் போர்வைகளை ஏற்றிக்கொண்டு ஸுபிய்யா பாலைவனப் பக்கம் கிளம்புவான். சபீகா ஜன்னலில் நின்று பார்ப்பாள். அவள் கூடாரத்தில் வளர்ந்தவள். நடை பழகியது மணலில், பல் முளைத்ததும் முதலில் கடித்தது கூடாரக் கயிற்றை என்று அவள் வீட்டில் சொல்வார்கள். அப்படிப்பட்டவளைக் குழந்தை பெற்ற குற்றத்துக்காக ஏழாம் மாடியில் அடைத்து வைத்தால் வயிறு எரியாதா? எரிந்தது. இந்தப் பிப்ரவரியில் அவள் கேட்காமலே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வந்தவளைத் துரத்த முடியாமல்தான் நூரியா நிபந்தனை போட்டாள்.

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பார்கள். எட்டு மாத இரட்டையரைக் கூடாரத்தில் வைத்திருப்பவள் மத்தளம்தான். அதோடு இரண்டரை வயதுத் தாரி வேறு. அவன் மணலைத் தின்றான். கூடாரக் கயிறுகளை அவிழ்த்தான். பெரியவர்களின் செருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப்போய் ஒளித்து வைத்தான். கரியடுப்பைச் சுற்றித் தண்ணீர்க் கேன்களை அடுக்கி சபீகா மதில் கட்ட வேண்டியிருந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், வேலை தெரிந்த பிள்ளை. யாராவது சிணுங்கினால் போதும், எங்கிருந்தாலும் ஓடிவந்து ரப்பர் சூப்பானை அந்த வாயில் அடைத்துவிட்டுப் போவான். சபீகா அவனை அப்படிப் பழக்கியிருந்தாள்.

அப்படியும் தோற்றுப்போனாள். முதல் இரவு மிஷாரி அழுதான். அவனுடைய அழுகை சாதாரண அழுகை இல்லை. கீழே தொடங்கி, மேலே ஏறி, உச்சியில் ஒரு கணம் மூச்சு நின்று, பிறகு உடைந்து கொட்டும். அவன் நிறுத்துமிடத்தில் லூல்வா தொடங்குவாள், கீச்சென்று, விட்டு விட்டு. இரண்டாம் இரவு இன்னும் மோசம். சனிக்கிழமை காலை எல்லாரும் கண் சிவந்து தேநீர் குடித்தார்கள்.

"முடிஞ்சுது, உம் தாரி" என்றாள் நூரியா. "ரெண்டு ராத்திரியா எனக்குத் தூக்கம் போச்சு. உன் மகனோட அழுகை எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. எந்த இடத்துல மூச்சு வாங்குவான்னுகூடச் சொல்லுவேன்."

"இன்னும் ஒரு ராத்திரி இருக்கு, உம் ஜாஸிம்" என்றாள் சபீகா. 'உம்' என்றால் அம்மா; மூத்த மகன் பெயரோடு சேர்த்து அப்படி அழைப்பது அங்கே மரியாதை, நூரியாவின் மூத்தவன் ஜாஸிம்.

"அந்த ஒரு ராத்திரியும் போனா என்னைத் தூக்கிட்டுத்தான் போகணும். ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொல்லாதே. பிள்ளைங்க அழறாங்க, அவ்வளவுதான்."

யாகூபின் அண்ணன் மனைவி ஹுஸ்ஸா பாவம் பார்த்து, "குழந்தைதானே, பழகிடும்" என்றாள். நூரியா திரும்பிப் பார்த்ததும் ரொட்டியைக் கடித்துக்கொண்டாள்.

யாகூப் அக்காவின் முகத்தையும் மனைவியின் முகத்தையும் பார்த்தான். ஆட்டுக்கும் தண்ணீருக்கும் சந்தைக்குப் போகும் சாக்கில் அண்ணனையும் வேலையாளையும் கூட்டிக்கொண்டு இரண்டு வண்டிகளோடும் புறப்பட்டுவிட்டான். போகும்போது, "வந்ததும் சாமானை ஏத்திடலாம்" என்றான். சபீகா கூடாரத்துக்குள் போய்ப் பைகளைக் கட்டினாள். கை கட்டியது, கண் நீரைக் கொட்டியது.

மூன்று வாரம் முன்பு நல்ல இடி மழை பெய்திருந்தது. இடி இடித்த வருடத்தில்தான் மண்ணுக்குள் ஃபகா விளையும். காளான் ஜாதிதான், ஆனால் உருளைக்கிழங்கு போல இருக்கும். அதைத் தோண்டி எடுத்துச் சோற்றோடு சமைத்துச் சாப்பிட்டவர்கள் கறியை மறந்துவிடுவார்கள். பக்கத்து முகாம்காரி முந்தின நாள் ஒரு கூடை எடுத்து வந்து நூரியாவிடமே காட்டிவிட்டுப் போயிருந்தாள். அதற்குமேல் நூரியாவைப் பிடிக்க முடியுமா? வெளியே லேசாகப் பனி மூடியிருந்தது. "வெயில் ஏறினா கலைஞ்சுடும்" என்று சொல்லி ஹுஸ்ஸாவையும் தன் ஒன்பது வயது மகள் பீபியையும் கூட்டிக்கொண்டு கூடையும் கையுமாக நடந்தாள்.

வெயில் ஏறவில்லை. பனிதான் ஏறியது. அரைமணி நேரத்தில் சபீகா வாசலில் நின்று பார்த்தபோது எதிர்க் கூடாரம் இல்லை. தான் பிடித்திருந்த கயிறு பத்தடியில் காணாமல் போனது.

ஃபகா தேடுகிறவர்கள் தரையில் வெடிப்பைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். குனிந்த தலை நிமிராமல் நடந்தால் மணமேடைக்குப் போய்ச் சேரலாம், பனியில் முகாமுக்கு வந்து சேர முடியாது. வாசலோரம் போன் கூடையிலிருந்த சபீகாவின் போன் ஒலித்தது.

"உம் தாரி, சத்தம் குடு. எதையாவது தட்டு" என்றாள் நூரியா.

"எங்க இருக்கீங்க?"

"அது தெரிஞ்சா உனக்கு எதுக்குப் போன் பண்றேன்? இங்க ஒரு முள்கம்பி கெடக்கு. சிவப்புப் பலகை ஒண்ணு விழுந்து கெடக்கு."

சிவப்புப் பலகை என்றால் போர்க்காலத்துக் கண்ணிவெடி நிலம். மழை பெய்தால் புதைந்தவை மேலே வரும். கம்பிவேலி பாதி இடத்தில் அறுந்து கிடப்பது எல்லாருக்கும் தெரியும்.

"ஒரு அடியும் எடுத்து வைக்காதீங்க" என்று சொல்லி, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பெரிய சோற்றுப் பானையை எடுத்து இரும்புக் கரண்டியால் அடித்தாள். "கேக்குதா?"

"கேக்குது. நாலு பக்கமும் கேக்குது. எல்லா முகாம்லயும் அடிக்கிறாங்கடி. கார் ஹாரன் வேற. எது நம்ம பானைன்னு எப்படித் தெரியும்?"

உண்மைதான். அந்தக் காலையில் ஸுபிய்யாவில் ஃபகாவுக்குப் போகாத குடும்பமே இல்லை. பானைச் சத்தம் யாருடையதாகவும் இருக்கலாம். ஜெனரேட்டர்கள் எல்லாம் ஒரே மாதிரி உறுமின. சபீகா கத்திப் பார்த்தாள். அவள் குரலை ஹாரன்கள் விழுங்கின.

பானை அடித்த சத்தத்தில் மிஷாரி விழித்துக்கொண்டான். பால் நேரமும் வந்திருந்தது. கீழே தொடங்கி, மேலே ஏறினான். சபீகா பழக்கதோஷத்தில் பால்புட்டியோடு ஓடினாள். அவன் வாய்க்கும் புட்டிக்கும் ஒரு விரல் இடைவெளி இருந்தபோது போனில் பீபியின் குரல் கேட்டது.

"அம்மா, அது மிஷாரி."

"எங்கடி?"

"அதோ, அந்தப் பக்கம். மூச்சு வாங்கறான் பாரு. அவன்தான்."

பிறகு நூரியா பேசினாள். அந்தக் குரலை சபீகா அதுவரை கேட்டதில்லை. "சபீகா, உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன். அவன் வாயை அடைச்சுடாதே."

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அன்று அழுத பிள்ளைக்குப் பால் கிடைக்கவில்லை. சபீகா புட்டியைக் கீழே வைத்தாள். இரண்டு பேரையும் கம்பளியில் சுற்றி, இரு இடுப்பிலும் தூக்கிக்கொண்டு, முகாமைச் சுற்றிப் போட்டிருந்த மண்மேட்டில் ஏறி நின்றாள். இரண்டு இரவாக ஆட்டினாள், பாடினாள், நடந்தாள், இந்த அழுகையை நிறுத்த அவள் செய்யாதது இல்லை. இப்போது, "அழுடா ராஜா, அழு" என்றாள். அண்ணன் அழுவதைக் கேட்டு லூல்வாவும் சேர்ந்துகொண்டாள்.

கீழே மூச்சிரைக்க ஒருவன் வந்தான். தாரி. இரு கையிலும் இரண்டு சூப்பான்.

"வேண்டாம்டா கண்ணு. இன்னிக்கு வேண்டாம். பாப்பா அழட்டும்."

தாரிக்கு நம்ப முடியவில்லை. இரண்டு நாள் பாடுபட்டுக் கற்ற தொழிலை இப்படிப் பிடுங்கினால் யாருக்குத்தான் பொறுக்கும்? மேட்டின் மேல் ஏற முயன்றான், சறுக்கினான், மணலில் புரண்டு அவனும் கத்தத் தொடங்கினான். ஆக மூன்று குரல். சபீகாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அந்த நேரம் பார்த்து மிஷாரி நிறுத்தினான். வெள்ளைப் பனி முகத்தில் வந்து படுவது அவனுக்கு வேடிக்கையாக இருந்தது. கையை நீட்டிப் பிடிக்கப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தான். இரண்டு இரவு ஊரையே எழுப்பியவன் அழ வேண்டிய நேரத்தில் சிரிக்கிறான்.

தாய்க்கு மட்டும் தெரிந்த ஆயுதம் ஒன்று உண்டு. மிஷாரியை அடிக்க வேண்டாம், கிள்ள வேண்டாம். மூக்கைத் துடைத்தால் போதும். சபீகா தலைத்துணியின் நுனியால் அவன் மூக்கை ஒரு தரம் அழுத்தித் துடைத்தாள். அவ்வளவுதான். இவ்வளவு நேரம் அழுததெல்லாம் வெறும் பயிற்சி என்று தோன்றும்படி அழுதான். எங்கோ ஒரு முகாமில் பானை அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

போன் எப்போதோ அணைந்துவிட்டது. கை இரண்டும் மரத்தன. பால் கேட்டு அழும் பிள்ளைக்குப் பால் தராமல் நிற்பது எத்தனை கொடுமை என்று பெற்றவளைக் கேட்டால்தான் தெரியும். சபீகா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மிஷாரி ஓய்ந்தபோதெல்லாம் மூக்கைத் துடைத்தாள். வாய்க்குள் கடவுளை அழைத்துக்கொண்டே இருந்தாள்.

கால்மணி நேரம் இருக்கும். பனிக்குள் முதலில் ஒரு கூடை தெரிந்தது, பிறகு பீபி. பின்னால் ஹுஸ்ஸா, கடைசியில் நூரியா. முழங்கால்வரை சேறு, ஒரு காலில் செருப்பு இல்லை. நூரியா மண்மேட்டின் அடியில் வந்து நின்று இரண்டு கைகளையும் நீட்டினாள். சபீகா மிஷாரியைக் கொடுத்தாள்.

"பலகைக்கு உள்பக்கம்தான் நின்னுட்டிருந்தோம்" என்று ஹுஸ்ஸா சொன்னாள். "பலகையைத் தாண்டி வந்ததே தெரியல. அவன் சத்தம் வந்த பக்கமா, வந்த தடத்துலயே காலை வச்சு வச்சு வெளியே வந்தோம்." சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

நூரியா சபீகாவின் கூடாரத்துக்குள் போய்ச் சேற்றுக் காலோடு கம்பளத்தில் உட்கார்ந்து, மிஷாரிக்குத் தன் கையால் பால் கொடுத்தாள். அவன் விக்கி விக்கிக் குடித்தான். அவள் தோள் குலுங்கியது. சபீகா பார்த்தாள், பார்க்காதவள் போல லூல்வாவின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பனி விலகிப் பத்து மணிக்கு ஆண்கள் வந்தார்கள். நடந்தது ஒன்றும் தெரியாத யாகூப், அக்கா சொன்ன சொல் தட்டாத தம்பியாக, கட்டி வைத்திருந்த பைகளைத் தூக்கி வண்டியில் ஏற்றினான். இரண்டாவது பை ஏறும்போது நூரியா வெளியே வந்தாள்.

"எறக்குடா அதை."

"நீதானேக்கா சொன்னே."

"சொன்னேன். இப்ப எறக்கச் சொல்றேன்."

யாகூப் தலையைச் சொறிந்தான். "ராத்திரி மறுபடியும் அழுதா என்ன பண்றது?"

"அழட்டும். அவன் அழுதாத்தான் நாம எங்க இருக்கோம்னே தெரியுது." நூரியா தானே பையை இழுத்து மணலில் போட்டாள். பிறகு, எல்லார் காதிலும் விழும்படி, "உம் தாரி, அடுத்த வருஷம் இன்னொண்ணு பெத்தாலும் தூக்கிட்டு வந்துடு" என்றாள்.

சபீகா இடுப்பில் லூல்வாவோடு வாசலில் நின்றிருந்தாள். "அனுமதிக்கு நன்றி, உம் ஜாஸிம்" என்றாள். "ஆனா நீங்க சொல்லலைன்னாலும் இன்னிக்கு நான் வண்டியில ஏறியிருக்க மாட்டேன்."

நூரியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "தெரியும்" என்றாள்.

பருவம் முடிய இன்னும் முப்பத்தெட்டு நாள் இருந்தது. சபீகா ஒரு நாளைக்கூட விடவில்லை.