ஏழு இருபதுக்கு எங்கே இருந்தாய்

“போன புதன்கிழமை சாயங்காலம் ஏழு இருபதுக்கு நீ எங்க இருந்த?” என்று கான்ஸ்டபிள் ராஜஸ்ரீ இந்தியில் கேட்டபோது, ரவிசந்திரன் அவள் முகத்தைப் பார்க்காமல் பக்கத்து நாற்காலியைப் பார்த்தான். அதில் பத்மநாப குருசாமி கால்மேல் கால் போடாமல், தொடைகள் மேல் கைகளை வைத்துக்கொண்டு, சாமி கும்பிட வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறந்ததே இங்கேதான்; இந்தியும் மராட்டியும் வீட்டுப் பாஷை மாதிரி வரும். பிம்ப்ரியில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் மெஷின் ஓட்டும் ரவிசந்திரனுக்கோ ஆறு வருஷத்தில் இந்தி கேட்டால் புரியும், பேசப் போனால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் மொழிபெயர்க்கப் போலீஸே அவரை வரச்சொல்லியிருந்தது.

“கம்பெனியில இருந்தேன். ஓவர்டைம்.”

குருசாமி அதை அப்படியே இந்தியில் சொன்னார். ராஜஸ்ரீ ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கம்பெனி கேட்டில் விரல் வைக்கும் மெஷினின் பதிவு. மூன்று முப்பத்தைந்துக்கு வெளியே போயிருக்கிறான்.

“இப்ப?” என்றாள்.

மேஜையில் இருந்த கம்ப்யூட்டரில் அந்தப் பதினோரு வினாடி வீடியோ நின்றிருந்தது. கட்கி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்து. கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, தலையில் கறுப்புத் துண்டு. வெறுங்கால். எதிரே வந்த வயசான அம்மாவின் கழுத்தில் கை வைத்து இழுத்துவிட்டு ஓடுகிறான். முகம் தெரியவில்லை. போலீஸ் அதைத் தங்கள் இணையப் பக்கத்தில் போட்டு, இவனைத் தெரிந்தவர்கள் இந்த நம்பருக்குச் சொல்லுங்கள், உங்கள் பெயர் ரகசியமாக வைக்கப்படும் என்று எழுதியிருந்தது. ஒன்றரை நாளில் நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். மராட்டிக்காரர்கள் யாரோ சாமியார் என்று நினைத்துத் திட்டினார்கள். கட்கி தமிழர்களுக்கு மட்டும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. டிசம்பர் குளிரில் வெறுங்காலோடு கறுப்பு கட்டித் திரிகிறவன் யார்? மலைக்கு மாலை போட்டவன். கட்கியில் இந்த வருஷம் மாலை போட்டவர்கள் பதிமூன்று பேர். புதன்கிழமை ஏழு மணிக்கு குருசாமி வீட்டு பஜனையில் இருந்தவர்கள் பன்னிரண்டு பேர்.

கணக்கு அவ்வளவுதான்.

“உன் பேரை ஏழு பேர் அனுப்பியிருக்காங்க,” என்றாள் ராஜஸ்ரீ. “ஆனா எல்லாரும் சாமி, சாமின்னுதான் எழுதியிருக்காங்க. சீனியர் சாமி, ஃபேக்டரி சாமி, ரவி சாமி. எங்க இன்ஸ்பெக்டர் கேக்கறாரு, இந்த ஆளுங்களுக்கு அம்மா அப்பா பேரே வைக்கலையான்னு.” பின்னால் ஃபைல் அடுக்கிக்கொண்டிருந்தவர் சிரித்தார்.

ஏழு பேர். ரவிசந்திரன் மனதுக்குள் பன்னிரண்டு முகங்களையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தான். அவன் பெயரை அனுப்பாத அந்த ஐந்து பேர் யார் என்றுதான் தேடினான்.

“நான் அனுப்பல சாமி,” என்றார் குருசாமி, கேட்காமலே. “அய்யப்பன் மேல ஆணையா நான் அனுப்பல. மேடம் கேக்குறாங்க இல்ல, சொல்லிடுங்க. பொய் சொன்னா மாலைக்கு ஆகாது.”

பொய் சொன்னால் ஆகாது. உண்மை சொன்னால்?

புதன்கிழமை அவன் லியாகத் அலியின் பிரியாணிக் கடையில் இருந்தான். கட்கி பஜாரிலேயே, அந்தச் சந்திலிருந்து பத்து நிமிஷ நடை. லியாகத் அலி மேலப்பாளையத்துக்காரர். மாலை போடாத மாதங்களில் ஞாயிறு தவறாமல் போவான். பிரியாணிக்காக என்று சொல்லிக்கொள்வான். உண்மையில் “வாங்க அண்ணாச்சி, சோலி முடிஞ்சுதா” என்று ஒரு மனுஷன் கேட்பதற்காகப் போவான். மாலை போட்டதும் இதே மாதிரி ஒரு காரணத்துக்குத்தான். கம்பெனியில் சூப்பர்வைசருக்கு அவன் ‘ஏ மதராசி’. ரூமில் பேச ஆளில்லை. வீட்டுக்குப் போன் போட்டால் சங்கரன்கோவிலில் மனைவி, “ம், சொல்லுங்க, அடுப்புல பால் இருக்கு” என்பாள். மாலை போட்டால் நாற்பத்தோரு நாள் குருசாமி வீட்டில் இலை போட்டு, “சாமி, இன்னும் கொஞ்சம் ரசம்” என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறுவார்கள். மூன்று வருஷமாக அந்த இலைக்காகவே மாலை போட்டான் என்றுகூடச் சொல்லலாம். அதைத் தப்பென்று அவன் நினைத்ததில்லை. சாமி கோபித்துக்கொள்கிற மாதிரி அதில் என்ன இருக்கிறது?

இருபத்துமூன்றாம் நாள், அந்தப் புதன்கிழமை, சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் அவன் செய்த பீஸைத் தரையில் எறிந்து, பொறுக்கு என்றான். பொறுக்கினான். ஷிஃப்ட் முடிந்து நேரே ரூமுக்குப் போகாமல் ஸ்டேஷன், பஜார் என்று மூன்று மணி நேரம் சும்மா நடந்தான். கால் எரிந்தது. கடைசியில் நின்ற இடம் லியாகத் அலி கடை. சந்தில் நின்று மாலையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். உள்ளே போய் உட்கார்ந்ததும் லியாகத் அலி அவன் உடுப்பைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, வேண்டாம். டீ மட்டும் குடிச்சிட்டுப் போங்க.”

“காசு தாரேன்லா? வைங்க.”

வைத்தார். அவன் தின்றான். காசை ரொக்கமாகக் கொடுத்தான், போனில் எதுவும் பதியக்கூடாது என்று அந்தக் கோபத்திலும் புத்தி வேலை செய்தது. ஆனால் லியாகத் அலியின் மகள் புஷ்ரா, காலேஜ் முடித்துவிட்டு கடையைப் பார்த்துக்கொள்கிறவள், தினமும் சாயங்காலம் கடையில் ஒரு சின்ன வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவாள். ஆவி பறக்கும் பிரியாணித் தேக்சா, சாப்பிடுகிறவர்கள், பின்னால் ஒரு பாட்டு. மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் தற்செயலாக அதைப் பார்த்தான்; சாப்பிடுகிறவர்களில் அவனும் இருந்தான். பஸ்ஸை விட்டு இறங்கி, ஓடி, கடை திறக்கும்போதே போய் நின்று கத்தினான். அழிக்கச் சொன்னான். “உங்க கடையில தின்னேன்னு தெரிஞ்சா எவன் என்னை வீட்டுக்குள்ள விடுவான்?” என்று அவன் வாயிலிருந்து வந்தது. லியாகத் அலி மகளைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவள் அழித்தாள்.

“போன் டவரும் அந்த நேரத்துல கட்கி பஜார்னுதான் காட்டுது,” என்றாள் ராஜஸ்ரீ. அவன் போன் அவள் மேஜை இழுப்பறையில் இருந்தது. “நாலு மணிக்கு சார் வருவாரு. அதுக்குள்ள எங்க இருந்தேன்னு ஆளையோ ஆதாரத்தையோ கொண்டா. இல்லேன்னா உள்ளதான்.”

“நான் பொறுப்பு மேடம்,” என்றார் குருசாமி எழுந்து. “இவரு திரும்பி வர்ற வரைக்கும் நான் இங்கயே குந்திக்கினு இருக்கேன்.” பிறகு தமிழில், “போய்ட்டு வாங்க சாமி. நம்ம பேரைக் காப்பாத்துங்க.”

நம்ம பேர். ரவிசந்திரனுக்கு குருசாமியின் கழுத்தைப் பிடிக்கலாம் போல இருந்தது. அவர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன் என்றது பாசமா, காவலா என்று அவனுக்குப் புரியவில்லை.

கடையில் மதியக் கூட்டம் வடிந்திருந்தது. லியாகத் அலி மேஜைத் துணியைப் பிழிந்துகொண்டே அவன் சொன்னது எல்லாவற்றையும் கேட்டார். திருடனின் வீடியோ அவருக்கும் வந்திருந்தது.

“பாத்தேன். நீங்க இல்லன்னு தெரியும். அவன் ஓடுத ஓட்டத்துக்கு உங்க முட்டி தாங்காது.”

“அப்ப வந்து சொல்லுங்க பாய். ஒரு வார்த்தை.”

“நான் சொன்னா?” அவர் துணியை உதறினார். “பாய் கடையில தின்னதுக்குப் பாயே சாட்சி. நல்லாருக்கும். அப்புறம் என் கடைக்கும் நாலு பேரு வீடியோ போடுவான். வயித்துப் பொழப்பு அண்ணாச்சி.”

“புஷ்ரா அந்த வீடியோவை...”

“வாப்பா, வோ அழியல,” என்றாள் புஷ்ரா கல்லாவிலிருந்து, தலையை நிமிர்த்தாமல், இந்தி கலந்த தமிழில். “டிலீட் பண்ணா முப்பது நாள் உள்ளயே இருக்கும். திருப்பிப் போடலாம். போட்ட டைமும் இருக்கும்.”

ரவிசந்திரனுக்கு மூச்சு வந்தது. “அப்ப போனை எடுத்துக்கிட்டு என்கூட ஸ்டேஷனுக்கு வாம்மா. அந்த மேடம்கிட்ட மட்டும் காட்டிட்டு...”

“எம் பொண்ணு ஸ்டேஷனுக்கு வரமாட்டா.” லியாகத் அலி குரலை உயர்த்தவில்லை. “அவ போன்லதான் கடையே ஓடுது. போனையும் தரமாட்டேன். எங்கருந்து எடுத்தாளோ அங்கயே திரும்பப் போடுவா. போலீஸு அதுல பாத்துக்கிடட்டும்.”

“பாய், அதுல போட்டா ஊரே பாக்கும்லா?”

“பாக்கட்டுமே. எங்க கடையில தின்னா பாவமா? திருடன்னு சொல்லுததை விடவா?”

வியாழக்கிழமை காலை தான் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தான். கேட்டால் காரியத்துக்காகக் கேட்கிற மாதிரி இருக்கும். காரியத்துக்காகத்தான் கேட்பான், அதுவும் உண்மை. சுவர்க் கடிகாரத்தில் மூன்று பத்து. புஷ்ரா போனை மேஜைமேல் வைத்து, கட்டைவிரலை அதன்மேல் நிறுத்தி அவனைப் பார்த்தாள்.

“அங்கிள், போட்டுட்டா போட்டதுதான். ஃபிர் டிலீட் பண்ணச் சொல்லி வரக்கூடாது. ஹான்?”

“போடு.”

ஒரு சின்ன வட்டம் சுற்றி நின்றது. அவள் கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தின் பெயரைப் பில் தாளில் எழுதி நீட்டினாள். லியாகத் அலி அவனை வழியனுப்ப வெளியே வரவில்லை.

ஸ்டேஷனுக்கு அவன் போய்ச் சேருவதற்குள் குருசாமியின் போன் நாலைந்து முறை சத்தம் போட்டிருக்க வேண்டும். அவர் அதைக் கவிழ்த்துத் தொடைமேல் வைத்திருந்தார். கடை வீடியோவைப் பார்த்துவிட்டாரா, இல்லையா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ராஜஸ்ரீ தாளில் இருந்த பெயரைக் கம்ப்யூட்டரில் அடித்தாள். திருடனின் சந்து போய், அந்த இடத்தில் லியாகத் அலி கடை வந்தது. பாட்டோடு வந்தது. இன்ஸ்பெக்டர் அறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

தேக்சா மூடி திறந்தது. ஆவி. மூன்று மேஜைகள். மூன்றாவதில் கறுப்புச் சட்டை. கழுத்து வெறுமையாக இருந்தது. தலைக்கு மேலே சுவர்க் கடிகாரம். முள்ளைப் பார்ப்பதற்காக ராஜஸ்ரீ படத்தை நிறுத்திப் பெரிதாக்கினாள். கடிகாரத்தோடு சேர்ந்து அவன் வாயும் பெரிதானது. உதட்டில் ஒரு பருக்கை. கண் பாதி மூடியிருந்தது. தன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை ரவிசந்திரன் எந்தக் கண்ணாடியிலும் பார்த்ததில்லை.

“ஏழு பத்தொன்பது,” என்று அவள் எழுதிக்கொண்டாள். போட்ட நேரம் ஏழு இருபத்தாறு என்பதையும் எழுதினாள். “சரி. இது நீதான். அது நீ இல்ல. என்ன சாப்பிட்டேன்னு சொல்லு, வாக்குமூலத்துல வேணும்.”

அவனுக்கு இந்தியில் அந்த வார்த்தை தெரியும். எல்லாப் பாஷையிலும் ஒரே வார்த்தைதான். ஆனால் வாய் திறக்கவில்லை. ராஜஸ்ரீ, சொல்லட்டும் என்பது போல குருசாமியைப் பார்த்தாள்.

“மட்டன் பிரியாணி, மேடம்,” என்றார் குருசாமி.

அவள் எழுதினாள். ரவிசந்திரன் தரையைப் பார்த்துக் கேட்டான், அந்தச் சந்து வீடியோவுக்குக் கீழே ஆட்கள் அவன் பெயரை எழுதியிருக்கிறார்களே, அதை எடுப்பீர்களா என்று. வார்த்தைக்கு வார்த்தை தடுமாறி அவனே கேட்டான். அவள் தோளைக் குலுக்கினாள். அது திருடனோட வீடியோ, திருடன் கிடைக்கிற வரைக்கும் இருக்கும், ஜனங்க எழுதறதுக்கு நாங்க என்ன பண்ண முடியும் என்றாள். இழுப்பறையைத் திறந்து அவன் போனை மேஜைமேல் வைத்தாள். திரை நிறைய அழைப்புகளும் செய்திகளும் வந்து குவிந்திருந்தன. மனைவியின் பெயர் நான்கு முறை.

கையெழுத்துப் போட்டான். எழுந்தான். குருசாமி எழவில்லை. சட்டைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து, வேட்டி நுனியில் நிதானமாகத் துடைத்து, மாட்டிக்கொண்டார். நாற்காலியைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு சாண் இழுத்துப் போட்டார்.

“மேடம், ஏக் பார் ஃபிர்,” என்றார். “முதல்லேர்ந்து.”

ராஜஸ்ரீ பொத்தானை அழுத்தினாள். பாட்டு தொடங்கியது, ஆவி எழுந்தது. திரையில் மூன்றாவது மேஜைக்காரன் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, யாரும் இல்லாத இடத்தில் இருப்பவன் போல, தட்டில் கை வைத்தான்.