கம்ப்ரஸர் ஊதிய கம்ப்யூட்டர்

டிராக்டர் ஃபில்டரைத் தூசி போக ஊதும் காற்றுக் கம்ப்ரஸராலேயே மாட்டுக்கொட்டகைக் கம்ப்யூட்டரையும் ஊதிவிட்டால் என்ன என்று லைலுக்குத் தோன்றியது. ஊதினான். குழாயில் தங்கியிருந்த தண்ணீர்தான் முதலில் வந்தது. உள்ளே ‘படக்’கென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. விஸ்கான்சினில் இத்தனை பால் பண்ணைக்காரர்கள் இருந்தும் இந்தச் சாதனைக்கு அவன்தான் வாய்த்தான்.

“கொன்னுட்டியா?” அவன் மனைவி ரோண்டா தலையை மட்டும் உள்ளே நீட்டினாள்.

“சுத்தம் பண்ணினேன்.”

“சுத்தமாதான் போச்சு.”

அந்தக் கம்ப்யூட்டர்தான் ஒவ்வொரு பசுவின் கழுத்துப்பட்டையையும் படித்து, அதற்குரிய தீவனத்தை இயந்திரத்தால் அளந்து கொட்டவைக்கும். கன்று ஈன்றவளுக்குக் கூடுதல், பால் நின்றவளுக்குக் குறைவு. அளவு மிஞ்சினால் வயிறு உப்பும். குறைந்தால் மடி வற்றும். நல்லவேளையாக ஹார்ட் டிஸ்க் பிழைத்திருந்தது. லைல் டவுனுக்குப் போய்ப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவந்து, அந்த டிஸ்க்கை எடுத்து இதில் பொருத்தினான். பழைய விண்டோஸ் ஒருமுறை எட்டிப்பார்த்தது. புதுப் பெட்டிக்குள் ஒன்றையும் அடையாளம் தெரியாமல் நீலத்திரையைப் போர்த்திப் படுத்துவிட்டது. சரியென்று புது விண்டோஸையே வைத்துப் பார்த்தால், அதற்குத் தீவன இயந்திரம் யாரென்றே தெரியவில்லை. பேச்சுவார்த்தை அறுந்துபோன சம்பந்திகள் நடுவே மாட்டிக்கொண்டவன்போல் லைல் நின்றான்.

இயந்திரம் செய்த கம்பெனிக்குப் போன் போட்டான். முதல் ஆள், “அது ரொம்பப் பழசு சார்” என்றான். அடுத்தவன் புது மாடலின் புகழ் பாடினான். லைலுக்குக் காது சுட்டது. இரும்பில் ஒரு குறையில்லை, ஒரு திருகாணி தளரவில்லை. ஓடுகிற ஒன்றைச் செத்துவிட்டதென்று எவனோ ஏஸி அறையில் உட்கார்ந்து அறிவித்துவிட்டு, குழியையும் இவனையே தோண்டச் சொல்கிறான்.

மூன்றாவதாக லைனில் வந்தவள் பெயர் டெனீஸ்.

“மேடம், கம்ப்யூட்டரைக் கொன்னது நான்தான். முட்டாப்பய, ஒத்துக்கறேன். மாடுங்க என்ன பாவம் பண்ணுச்சு? புது விண்டோஸ்ல இந்த மிஷின் ஓடுமா, ஓடாதா?”

“சார், எங்க புது மாடல்ல...”

“இன்னொரு தரம் புது மாடல்னு சொன்னீங்க, போனை மாட்டுக்கிட்ட குடுத்துடுவேன். அது பேசிக்கும்.”

அவள் சிரித்துவிட்டாள். பிறகு குரல் தணிந்தது.

“ஓடும் சார். அதுக்கான சின்ன ப்ரோக்ராம் எழுதியே வெச்சிருக்கோம். கேட்டா இல்லைன்னு சொல்லச் சொல்லியிருக்காங்க. புது மிஷின் விக்கணுமில்ல.”

லைல் ஜன்னல் பக்கம் திரும்பினான். வெளியே ரோண்டா, இயந்திரம் அளக்க வேண்டியதைக் கையால் அளக்க, வாளியோடு ஒரு பசுவின் முன் நின்று, கழுத்துப்பட்டை நம்பரைக் குனிந்து பார்த்து, ஒரு கை தீவனம் அள்ளினாள். கொஞ்சம் யோசித்தாள். பாதியைத் திரும்ப வாளியிலேயே போட்டாள்.