நூற்றேழு மடிப்புகள்

1

அரைப் பக்கம்தான் கேட்டிருந்தார்கள். சிலையை வாங்குகிற கட்டடத்தின் வடிவமைப்பாளர் அம்மா தொலைபேசியில் சொன்னார்: சிற்பியைப் பற்றி நாலு வரி, நம் பழைய சிற்பக் கலையில் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று நாலு வரி. சட்டம் போட்டுச் சிலைக்குப் பக்கத்தில் மாட்டுவார்களாம். சிற்பி இறந்து நான்கு மாதம் ஆகிறது. அந்தப் பட்டறையில் கோவையாக எழுதக்கூடியவள் அவர் மனைவி மட்டும்தான். உட்கார்ந்தாள். அரைப் பக்கம் இப்படி ஆகிவிட்டது.

அந்த மனைவி நான்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் அவிழ்த்துக் காட்டுவதற்கென்று முடிந்துவைக்கவில்லை. 'நான்' என்று எழுதினால் இரண்டாவது வரியிலேயே மூக்கை உறிஞ்சத் தொடங்கிவிடுகிறேன். 'அவள்' என்றால் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க முடிகிறது. சில இடங்களில் வழுக்குவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: "நம் சிற்பிகள் கணிதத்தைக் கலையின் உயிர்மூச்சாகவே கருதி வந்தார்கள்." (அடித்துவிட்டேன். அவர் காதில் விழுந்திருந்தால் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்திருப்பார்.)

இரண்டாவது தொடக்கம்: "எண்களுக்கு உடம்பு உண்டா என்று கேட்டால் —"

யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது: ஒரு முகத்தின் நீளம் தெரிந்தால் முழு உடம்பும் தெரியும். இது பரவாயில்லை, இதைப் பிடித்துக்கொண்டே போகிறேன். நேராக நிற்கிற பெண் உருவம் எங்கள் முறையில் ஒன்பது முக உயரம். ஒரு முகத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் மொத்தம் நூற்றெட்டு. முகம் பன்னிரண்டு. கழுத்தடியிலிருந்து மார்பு பன்னிரண்டு, மார்பிலிருந்து தொப்புள் பன்னிரண்டு, அங்கிருந்து தொடை பிரிகிற இடம் பன்னிரண்டு. தொடை இருபத்து நான்கு, முழங்காலுக்குக் கீழே இருபத்து நான்கு. உச்சந்தலை, கழுத்து, முழங்கால், பாதம் நான்குக்கும் மும்மூன்று. கூட்டிப் பாருங்கள், வரும்.*

* வராவிட்டால் முழங்காலை விட்டிருப்பீர்கள். எல்லோரும் விடுவது அதைத்தான்.

இந்தப் பங்குக்கு சென்டிமீட்டர் கிடையாது. சிலையின் உயரத்துக்கு ஒரு காகிதப் பட்டையை வெட்டி, ஒன்பதாக மடித்து, ஒவ்வொன்றையும் பன்னிரண்டாக மடித்தால் அந்த மடிப்புகள்தான் அளவு. அந்தச் சிலைக்கு மட்டும். விரல் உயரப் பொம்மைக்கும் ஆள் உயரச் சிலைக்கும் அதே நூற்றெட்டுதான். பங்குதான் சிறுக்கும், பெருக்கும்.

மடிப்பது அவள் வேலை. இரண்டாக மடிக்க யாராலும் முடியும். மூன்றாகக் கண்மட்டத்தில் மடிக்கக் கை வேண்டும், அவருக்கு அந்தக் கை இல்லை. "மடிப்புக்காரி, பட்டை ரெடியா?" என்று மெழுகு அறையிலிருந்து குரல் வரும். நூற்றெட்டுப் பங்குக்கு நூற்றேழு மடிப்புதான் வேண்டும் என்று ஒருமுறை அவரைத் திருத்தினாள். அதிலிருந்து, மிச்சமான அந்த ஒரு மடிப்பை எங்கே ஒளித்துவைத்திருக்கிறாய் என்று வருகிறவர் போகிறவர் முன்னாலெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

(இந்த இடத்தில் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.)

3

மெழுகு உருவத்தை முடித்துக் கொடுத்த எட்டாம் நாள் அவர் போனார். வார்த்தது அவருடைய தம்பி, அவளுக்குக் கொழுந்தன். உலை அவன் பொறுப்பு. போன வாரம்தான் மண் அச்சை உடைத்துச் சிலையை எடுத்து, மணல் மூட்டைகள் மேல் படுக்கவைத்து டேப் பிடித்தான். கேட்டது நூற்றிருபது சென்டிமீட்டர். இருந்தது நூற்றுப் பதினேழு.

உலோகம் ஆறும்போது சுருங்கும், அதனால்தானோ என்று அவள் கேட்டாள்.

"சுருங்கறதுக்குத்தான் முதல்லயே சேர்த்து வெட்டுறோமே அண்ணி. அப்புறமும் ரெண்டு விரல் எங்க போச்சு?"

அவன் சிலையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"கடைசியில அண்ணனுக்குக் கண்ணு தடுமாறிடுச்சு போல. குறையா சொல்லல. ஆனா பாக்கறவன் சொல்வான். இத உருக்கிட்டு, நானே மெழுகு புடிச்சு ஊத்திடறேன். அண்ணன் பேரு கெடக் கூடாது."

திங்கட்கிழமை உலை மூட்டலாம் என்றான். அச்சுக்குள் இருந்த மெழுகு, வார்ப்பதற்காகச் சூடாக்கியபோதே உருகி வழிந்துபோய்விட்டது. அவர் கை கடைசியாகத் தொட்டதற்கு மிச்சம் என்று இருப்பது இந்தச் சிலை ஒன்றுதான். யோசித்துச் சொல்கிறேன், அந்த அரைப் பக்கத்தை எழுதி முடிக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த இரண்டு விரல் எங்கே போனது என்று அவளுக்குத் தெரியும்.

4

அவர் இந்தச் சிலையின் மெழுகு உருவத்தைச் செய்துகொண்டிருந்த சமயம். அன்றைக்கு அவருடைய மருத்துவப் பரிசோதனை முடிவு வர வேண்டிய நாள். வேலையில் இருந்த பட்டை, மெழுகும் எண்ணெயும் ஏறி நைந்து, காலையில் நடு மடிப்பில் இரண்டாகக் கிழிந்தது. புதிது வெட்ட வேண்டும்.

எங்கள் பட்டறையில் ஒரு கண்டிப்பு உண்டு. பட்டையைப் பார்த்துப் பட்டை வெட்டக் கூடாது. இரும்புக் கோலைப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். மடித்த காகிதம் எவ்வளவு நீவினாலும் முழு நீளத்துக்குத் திரும்பாது. ஒவ்வொரு மடிப்பும் ஒரு மயிரிழையை விழுங்கிவிடும். நூற்றேழு மடிப்பு, நூற்றேழு மயிரிழை. அதற்கென்று கோலில் கூட்டியே குறித்திருப்போம். பழைய பட்டையைப் பார்த்து வெட்டினால் அந்தக் கூடுதல் போய்விடும்.

கோல் அடுத்த அறையில் இருந்தது. தொலைபேசி இந்த அறையில் இருந்தது. மருத்துவமனையிலிருந்து எந்த நிமிஷமும் அழைக்கலாம். அவள் கிழிந்த இரண்டு துண்டையும் மேசையில் முனையோடு முனை சேர்த்து வைத்து, மேலே புதுக் காகிதத்தைப் போட்டு வெட்டி, மடித்து, அவரிடம் கொடுத்தாள். பிறகு தொலைபேசி அடித்தது. பிறகு பட்டையைப் பற்றி யார் நினைப்பார்கள்?

இனிமேல்தான் கஷ்டமான இடம். மொத்த உருவத்தையும் அவர் புதுப் பட்டையிலேயே செய்திருந்தால் பிழையே இல்லை. சிலை கொஞ்சம் குட்டை, அவ்வளவுதான். முகம் சிறுத்த அளவுக்குக் காலும் சிறுத்திருக்கும். ஆனால் பட்டை கிழிவதற்கு முன்பே தலை முடிந்திருந்தால்? பழைய பட்டையில் தலை, புதிய பட்டையில் உடம்பு. தெரிந்தவர் கண்ணுக்கு அது தலை கனத்த பெண். அப்போது கொழுந்தன் சொல்வதுதான் சரி, உருக்கத்தான் வேண்டும். பழி அவர் கண்ணுக்குப் போகும். செய்தது என் கை.

(அவள் கை.)

அந்தக் காலையை எழுதிப் பார்த்தேன்.

முதல் வடிவம்: 'பட்டை கிழிந்தபோது மெழுகுத் தலை தண்ணீர் வாளியில் கிடந்தது, இளகாமல் இருக்க.'

இரண்டாம் வடிவம்: 'வாளியில் தண்ணீர் மட்டும் இருந்தது. குனிந்தபோது அதில் அவள் முகம் தெரிந்தது.'

இரண்டாவது அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை. முதலாவதை எழுதும்போது பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன். அதனால் அது உண்மை என்றும் ஆகிவிடாது. மாற்றி மாற்றி ஏழு தடவை எழுதினேன். நான்கில் தலை இருந்தது, மூன்றில் இல்லை. இது என்ன, ஓட்டெடுப்பா?

கவராயத்தை எடுத்து அளந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும் என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. நீங்கள் அளந்திருப்பீர்கள். அவள் நான்கு நாள் எழுதிக்கொண்டிருந்தாள்.

5

யோசித்த முடிவுகள்:

அ) உலை மூட்டுகிறார்கள். அவள் வாயே திறப்பதில்லை. புதுச் சிலை நூற்றிருபது சென்டிமீட்டர், அவள் —

ஆ) அவள் உலைக்கு முன்னால் போய் நின்று கையை விரித்து — (சினிமா. வேண்டாம்.)

நடந்தது இது. ஞாயிறு மதியம் கொழுந்தன் கரி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தான். அவள் போய், பட்டையைப் பார்த்துப் பட்டை வெட்டியதைச் சொன்னாள். எந்த நாளில் என்றும் சொன்னாள். அவன் மூட்டையை இறக்கிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, அவளை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டான்:

"நாலு மாசமா இத வச்சிக்கிட்டா இருந்தீங்க?"

"பட்டை கிழிஞ்ச அன்னிக்குத் தலை முடிஞ்சிருந்துதா தம்பி? உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"அண்ணன் எந்தத் தலைய ஒரே தடவையில முடிச்சாரு? நாலு தடவ புடிப்பாரு, அஞ்சு தடவ உருக்குவாரு."

"நாலு தடவ புடிச்சத எப்படி அஞ்சு தடவ உருக்க முடியும்?"

"அதெல்லாம் அண்ணன்கிட்டதான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு, அதைச் சொன்னதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவனுக்கும்.

கவராயத்தை அவன்தான் எடுத்துவந்தான். சிலைக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு உச்சிக்கு ஒரு கோடு, உள்ளங்காலுக்கு ஒரு கோடு இழுத்தார்கள். கவராயத்தின் ஒரு முனையை நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலும் மறுமுனையைத் தாடையிலும் வைத்து, திருகை இறுக்கி, அவள் கையில் கொடுத்தான். அதை உச்சிக் கோட்டிலிருந்து பலகையில் நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டு போக வேண்டும்; தலை பழைய பட்டையில் பிறந்ததாக இருந்தால் ஒன்பதாவது வைப்பு, காலைத் தாண்டி இரண்டு விரல் வெளியே விழும். வேறு வழியே இல்லை, கணக்கு அது.

ஒன்று. இரண்டு. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் முனை மரத்தில் சிக்கி, முதலிலிருந்து வைக்க வேண்டியதாயிற்று. ஐந்து, ஆறு. ஏழில் கொழுந்தன் எண்ணுவதை நிறுத்திவிட்டான். எட்டு.

ஒன்பதாவது வைப்பு உள்ளங்கால் கோட்டின் மேல் விழுந்தது. முன்னால் இல்லை, பின்னால் இல்லை, கோட்டின் மேல்.

அவன் நம்பாமல் கவராயத்தை வாங்கிக் காலிலிருந்து தலைக்கு எண்ணினான். ஒன்பது. முழங்காலை அளந்தான், மூன்று பங்கு. கழுத்து, மூன்று.

"அண்ணன் கண்ணுக்கு ஒண்ணும் ஆகல அண்ணி" என்றான். கரி மூட்டைகளைத் திரும்பக் கட்டப் போனான்.

அவள் மணல் மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். ஏதாவது பெரிதாகத் தோன்றும் என்று பார்த்தாள். பசித்தது. நான்கு மாதத்தில் முதல் தடவையாக, சும்மா, சாதாரணமாகப் பசித்தது.

வடிவமைப்பாளர் அம்மாவிடம் உயரம் குறைந்திருப்பதைச் சொன்னபோது, பீடத்தை அந்த அளவுக்கு ஏற்றிக் கட்டிக்கொள்ளலாம், சுவர் வேலை இன்னும் முடியவில்லை என்றார். அவ்வளவு சுலபமாக.

6

ஆக, சிலை இருக்கிறது. கதைக்குத்தான் முடிவு இல்லை. ஒன்பது எப்படி வந்தது?

ஒன்று: பட்டை கிழிந்த அன்று தலை செய்யப்படவே இல்லை. வாளியில் தண்ணீர் மட்டும்தான். அழகாக இருந்தாலும் அதுதான் உண்மை. தன் பட்டை குட்டை என்பது தெரியாமலே அவர் வேலையை முடித்தார், போனார்.

இரண்டு: தலை இருந்தது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ புதுப் பட்டையை முகத்தோடு வைத்துப் பார்த்திருக்கிறார். பன்னிரண்டு பங்கு தாடை வரை எட்டவில்லை. யார் வெட்டியது, எதைப் பார்த்து வெட்டியது, எந்த அழைப்புக்குக் காத்திருந்தபோது வெட்டியது, எல்லாம் அவருக்கு ஒரு நொடியில் புரிந்திருக்கும். முகத்தை உருக்கிவிட்டுச் சின்னதாக இன்னொன்று பிடித்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த வாரத்தில் நான் என்ன ஆகியிருப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

(பாருங்கள், 'நான்' என்றே எழுதிவிட்டேன். திருத்தப் போவதில்லை.)

இரண்டு கதைக்கும் கூட்டுத்தொகை ஒன்பதுதான். கவராயத்துக்கு வித்தியாசம் தெரியாது. முதலாவதில் அவர் நிம்மதியாக இருந்தார். இரண்டாவதில் என்னை நிம்மதியாக விட்டுவைத்தார். நேற்றுவரை ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் சரி. நீங்கள் விட்டுவிட்டுப் போகிறதை வைத்துக்கொண்டு நான் இருந்துவிடுவேன்.