தாய்மாமன் மாலை

செத்துக் கிடந்த தம்பி மெர்வினுக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள் செல்வமேரி. நாலு மாதத்துக்கு முன், மகள் ஜாஸ்மின் கல்யாணத்துக்காக அவனுக்கு அவள் எடுத்துக் கொடுத்த சட்டை. இன்றைக்கு அவன் இளைத்துக் கிடந்த கிடப்பில், அதற்குள் இன்னொரு ஆளையும் படுக்க வைக்கலாம். சிறையிலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து சவப்பெட்டியில் அனகாபுத்தூர் வீடு. அவன் விடுதலையான விதம் இப்படி.

வாசலில் முகக்கவசத்துடன் தீபா வந்து நின்றாள். சிறைக்குள் போய்க் கைதிகளுக்குச் சளிப் பரிசோதனை செய்கிற பெண்.

"மன்னிச்சுக்கங்கக்கா, இந்த நேரத்துல வரக்கூடாது. அவருக்கு டிபி. பழகினவங்க எல்லாரும் டெஸ்ட் எடுத்தே ஆகணும்."

"முன்னாடியே கண்டுபுடிக்க மாட்டீங்களா?" என்று எரிந்து விழுந்தாள் ஜாஸ்மினின் மாமியார் கனகவல்லி.

"ரெண்டு தடவ கேட்டேம்மா. இருமலே இல்லன்னு சாதிச்சாரு. சொன்னா பரோல் நின்னுடும்னு யாரோ சொல்லி வெச்சிருக்காங்க. அப்படி ஒரு ரூலே கெடையாது. ஆறு மாசம் மாத்திர போட்டிருந்தா சரியாப் போயிருக்கும்."

செல்வமேரியின் விரல் கடைசிப் பொத்தானில் நின்றது.

யாரோ இல்லை, அவள்தான். சிறையில் மனு போட்டு அவனைப் பார்க்கப் போனபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் இருமிச் சோர்ந்ததைப் பார்த்துவிட்டு, "டேய், பரோல் கையில வர்ற வரைக்கும் இருமல்னு வாயத் தொறக்காத. தாய்மாமன் மாலை போடாம இன்னா கல்யாணம்?" என்றாள். அக்கா பேச்சை அவன் வாழ்நாளில் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

வந்தான். கையை எட்ட நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு மாலை போட்டான். போட்டோ எல்லாவற்றிலும் வாயில் கைக்குட்டை. வெட்கம் என்று எல்லோரும் சிரித்தார்கள். சிறைக்குத் திரும்பிப் போய் அவன் இருமலைச் சொன்னபோது சளியோடு ரத்தமும் வந்துவிட்டது. பாவி, ஒரு மாலைக்குத் தம்பியைக் கொடுத்துவிட்டோமே என்று அவள் நெஞ்சு வெந்தது.

"இங்க யாருக்காவது ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்கா?" என்று கேட்டாள் தீபா.

சம்பந்தி வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஜாஸ்மின் அம்மாவைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"எனக்கு கீது," என்றாள் செல்வமேரி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "ஒரு மாசமா. அவன சொல்ல வேணாம்னதும் நாந்தான்."

தீபா பையிலிருந்து, சளி துப்பித் தர ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து நீட்டினாள். செல்வமேரி கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு, அதை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

பெட்டியை மூட வந்தவர்கள் கையில் ஆணியோடு காத்து நின்றார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமிக்கொண்டிருந்தாள்.