இரண்டாம் கியரில் இறக்கம்

அஸ்ஹர் நானா வேனின் பானட்டைத் தூக்கி நிறுத்தி, ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்றால் ப்ரேக் ஒயிலை உறிஞ்சி ஒரு கண்ணாடிக் கிளாஸில் விட்டார். கிளாஸை வெயிலுக்கு நேராகப் பிடித்தார். சாயம் கூடிப்போன பிளேன்டீ நிறத்தில் இருந்தது.

"இது எப்ப மாத்தின அக்கா?"

"அது மாத்துற சாமானா நானா?"

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணன் முறையில் நானா என்பேன். யாருக்கு வயது கூட என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை. பலாங்கொடையில் அவருடைய கராஜுக்கு நான் போனது அதுதான் இரண்டாவது தடவை. முதல் தடவை போனது ஹாரன் சரிசெய்ய. ஹாரன் அடித்தால் போதும், மற்றதெல்லாம் தானாக ஓடும் என்று நினைத்திருந்த காலம்.

ஏழு வருஷம் குவைத்தில் வீட்டு வேலை செய்து திரும்பிய கையோடு வாங்கிய வேன் அது. எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனுக்கு பஸ் வராது. பிள்ளைகள் ஆறு பேரை டவுன் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குவது என் தொழில். ஓட்டப் பழக்கியவர் என் வீட்டுக்காரர் மதுசன். அவர் த்ரீவீலர் ஓட்டுகிறவர், மலையில் தன்னைவிட்டால் ஆளில்லை என்கிற நினைப்பு. பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற அந்த வருஷம் எங்கள் மலை ஒரு வித்தை கற்றுக்கொண்டது. பழைய ஃபெக்டரி வளைவில் ரோதமுனி கோவில் இருக்கிறது. ஃபெக்டரியின் ரோதைகளை, சுழலும் சக்கரங்களை, காக்கிற சாமி. ஃபெக்டரியை மூடிய பிறகு வேலையில்லாமல் இருந்தவருக்கு எங்கள் சக்கரங்களை ஒப்படைத்தோம். அந்த இடத்தில் ஒரு கும்பிடு போட்டு, கியரை எடுத்து நியூட்ரலில் விட்டுவிட்டால், அடிவாரம் வரைக்கும் வண்டி சும்மாவே இறங்கும். வரிசை போய் வருஷங்களாகியும் பழக்கம் போகவில்லை. "மிச்சத்த முனி பாத்துக்குவாரு" என்பார் இவர். நானும் அப்படித்தான் பழகினேன்.

அந்த வாரச் செவ்வாய்க்கிழமை முனி வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். கோவிலைத் தாண்டி நான்காவது வளைவில் ஏதோ கருகுகிற வாடை வந்தது. ஐந்தாவதில் ப்ரேக்கை மிதித்தேன், கால் அடிவரைக்கும் போய்விட்டது. சேற்றில் கால் வைத்ததுபோல் எதிர்ப்பே இல்லை. இடது பக்கம் மண்திட்டு, வலது பக்கம் பள்ளம். ஹேண்ட் ப்ரேக்கை இழுத்து, திட்டோடு வேனை உரசவிட்டு, மழைத்தண்ணி ஓடுகிற கானுக்குள் இறக்கி நிறுத்தினேன். முன் சக்கரங்களிலிருந்து புகை வந்தது. பிள்ளைகள் பிழைத்தார்கள். துஷ்யந்திக்கு மட்டும் தாடையில் மூன்று தையல். மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அவளுடைய அம்மா இருளாயி அக்கா ஓடி வந்து, மகளைத் தூக்கி நிறுத்தி, சிதறிக் கிடந்த புத்தகங்களைப் பொறுக்கி பையில் போட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

அடுத்த திங்கட்கிழமை துஷ்யந்தி உட்பட நான்கு பேருக்குப் பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை தொடங்க இருந்தது. டவுனுக்கு ஒன்பது கிலோமீட்டர். அந்த நால்வரை நேரத்துக்கு, முழுசாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதற்குத்தான் அஸ்ஹர் நானாவின் முன்னால் குற்றவாளி மாதிரி நின்றேன்.

"இந்த ஒயில் காத்துல ஈக்கிற ஈரத்த இழுக்கும்," என்றார். 'இருக்கு' என்பது அவர் வாயில் 'ஈக்கி' ஆகிவிடும். "ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தோணும். மாத்தாட்டி உள்ளுக்கு தண்ணி சேரும். நீங்க மலை முழுக்க ப்ரேக்கிலயே வந்தா சூட்டுக்கு அந்தத் தண்ணி கொதிச்சு ஆவியாகும். ஒயில அமுக்கினா சக்கரத்தப் போய்ப் புடிக்கும். ஆவிய அமுக்கினா சும்மா சுருங்கும். ஒங்கட கால் அடிக்குப் போன அதாலதான்."

தேய்ந்து பளபளத்துப்போன ப்ரேக் பேட்களைக் கழற்றிப் புதிது போட்டார். பிறகு என்னை சீட்டில் ஏறி உட்காரச் சொன்னார். அவர் சக்கரத்தடியில் படுத்துக்கொண்டு ஒரு சின்ன ஆணியைத் தளர்த்த, நான் பெடலை மிதிக்க வேண்டும்.

"மிதிங்க. அப்பிடியே புடிங்க. இப்ப விடுங்க."

கண்ணாடி மாதிரியான குழாய் வழியே கறுப்புத் தண்ணீரும் குமிழிகளும் வெளியே வந்தன என்று பிறகு காட்டினார். எனக்குத் தெரிந்தது என் பாதத்தில் நடந்ததுதான். முதலில் கால் போன இடம் தெரியவில்லை. ஒவ்வொரு சக்கரமாக முடிய முடிய, கீழிருந்து ஏதோ எழுந்து வந்து என் காலைத் தாங்கியது. கடைசியில் பெடல் பாதிவழியில் கல்லாக நின்றது. பென்சிலைவிட மெல்லிய குழாய் ஒன்று என் மிதியை நாலு சக்கரத்துக்கும் கொண்டுபோகிறது என்று அவர் தொட்டுக் காட்டியபோது, இரண்டு வருஷமாக இதன் மேல்தான் ஆறு பிள்ளைகளை உட்கார வைத்தேனா என்று நானும் அதைத் தொட்டுப் பார்த்தேன்.

பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஒரு கறுப்பு ரப்பர் குழாயைக் கழற்றி என் பக்கம் நீட்டினார்.

"வெரல வைங்க."

வைத்தேன். கன்றுக்குட்டி வாயில் விரல் கொடுத்ததுபோல் இழுத்துக்கொண்டது. பயந்து பிடுங்கப் பார்த்தேன், விடவில்லை. ஏழு வருஷம் ஊரான் வீட்டு மெசின்களைத் துடைத்தவள் நான். ஒரு மெசினும் அதுவரை என்னைப் பிடித்து வைத்ததில்லை.

"எஞ்சின் மூச்சு இழுக்குது அக்கா. அந்த இழுவையத்தான் ஒங்கட ப்ரேக்குக் காலுக்கு ஒத்தாசைக்கு அனுப்பி ஈக்கி. இன்னொண்டு கேளுங்க. எக்ஸலேட்டர்ல கால எடுத்தா காத்து வாற வாசல் மூடிக்கும். கியர்ல ஈந்தா, சக்கரம் எஞ்சின சுத்தும். எஞ்சின் மூச்சுக்குத் திணறித் திணறி சக்கரத்தப் பின்னால இழுக்கும். மலைக்கு அதுதான் ப்ரேக். காலால மிதிக்கிற, நிப்பாட்டுறதுக்கு."

"அப்ப எண்ணெ செலவு?"

"இந்த வேன்ல, கியர்ல கால எடுத்துட்டு எறங்கினா பெற்றோல் ஊத்துற நிண்டுடும். நியூட்ரல்ல விட்டாத்தான் எஞ்சின் அணையாம ஈக்க குடிச்சிட்டே ஈக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கமுடியாமல் சிரித்தேன், பிறகு அதே முகத்தோடு அழுதேன். மிச்சம்பிடிக்கிறோம் என்று கும்பிடு போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறோம். அஸ்ஹர் நானா பார்க்காததுபோல் குழாயை மாட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "ரெண்டு நாள் கராஜுக்குப் போய்ட்டு எனக்கே படிச்சுக் குடுக்கிறியா" என்றார். ஆனால் சனிக்கிழமை மத்தியானம் அவருடைய த்ரீவீலர் வழக்கத்துக்கு மாறாகக் கியரில் உறுமிக்கொண்டு இறங்கியதை எங்கள் லயத்து வரிசை வீடுகள் எல்லாமே கேட்டன. நானும் கேட்காததுபோல் இருந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை லயம் லயமாகப் போய், பரீட்சைக்குப் பிள்ளைகளை வேனில் அனுப்பச் சொல்லிப் பேசினேன். மற்ற மூன்று வீட்டிலும் யோசித்து யோசித்து சரி என்றார்கள். இருளாயி அக்கா மட்டும் என்னை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்.

"ஒன் மேல கோவம் இல்ல புள்ள. ஒன்ன நான் சின்னதுலருந்து பாத்தவ. அந்த மெசினத்தான் எனக்குத் தெரியாது. நாங்க வெள்ளனாவே கெளம்பி நடந்துருவோம்."

துஷ்யந்தி கதவோரம் நின்று தாடைத் தையலைத் தடவிக்கொண்டிருந்தாள். ஒன்பது கிலோமீட்டர் நடந்து, மூன்று மணிநேரம் எழுதி, மறுபடி மலை ஏற வேண்டும். நான் ப்ரேக் ஒயிலைப் பற்றியும் மூச்சைப் பற்றியும் சொல்லத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். கண்ணால் பார்த்தும் விரலால் தொட்டும் நான் நம்பியதை, அவர் என் வாய்ச்சொல்லில் எப்படி நம்புவார்?

திங்கட்கிழமை காலை பனியில் பானட்டைத் திறந்து, எஞ்சின் ஒயில் குச்சியை இழுத்துத் துடைத்துப் பார்த்தேன். ரேடியேட்டர் தண்ணீர் பார்த்தேன். ப்ரேக் ஒயில் தேன் நிறத்தில் கோட்டுக்குச் சமமாக நின்றது. டயர்களைச் சுற்றி வந்தேன். மூன்று பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் கேட்காமலே வந்து முன் சீட்டில் ஏறிக்கொண்டார். இருளாயி அக்காவின் வீடு பூட்டியிருந்தது. நாலரைக்கே போய்விட்டார்களாம்.

ரோதமுனி வளைவில் எல்லோரும் கும்பிட்டோம். இவருடைய கை பழக்கதோஷத்தில் கியர் பக்கம் வந்தது. நான் பார்த்தேன். கை திரும்பிப் போய் மடியில் உட்கார்ந்துகொண்டது. இரண்டாம் கியரைப் போட்டு, இரண்டு கால்களையும் பெடல்களிலிருந்து எடுத்து வேனின் தரையில் வைத்தேன்.

வேன் முன்னால் பாயப் பார்த்தது. அப்போது எஞ்சின் குரலை உயர்த்தியது. அடித்தொண்டையிலிருந்து எழுந்த ஒரு முனகல். மலை முழுக்க எங்களைக் கீழே தள்ளுகிறது, என் முட்டிக்கு முன்னால் ஏதோ ஒன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டேன் என்கிறது. பெற்றோல் ஒரு சொட்டு இல்லை, நெருப்பு இல்லை, வெறும் காற்றுக்கான தவிப்பு. அதுதான் ஐந்து பேரையும் இத்தனை இரும்பையும் பிடித்துக்கொண்டு இறங்குகிறது. பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பயத்தைவிடப் பெரிதாக ஒன்று அதோடு வந்து சேர்ந்தது. இதைப் படைத்தவர்கள் யாரோ எங்கேயோ, எங்கள் மலையைப் பார்க்காமலே எங்களுக்காக யோசித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நான்காவது வளைவில் வாடை வரவில்லை. ஐந்தாவதில் திட்டில் வேன் உரசிய காயம் சிவப்பாகத் தெரிந்தது.

ஒன்பதாவது வளைவைத் திரும்பியபோது பனிக்குள் இரண்டு பேர் நடந்து போவது தெரிந்தது. துஷ்யந்தி வெறுங்காலோடு நடந்தாள், சப்பாத்து அழுக்காகாமல் பொலித்தீன் பையில் கையில் தொங்கியது. சத்தம் கேட்டு இருளாயி அக்கா மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, எங்களுக்கு வழிவிட்டுத் திட்டோரம் ஒதுங்கினார். கைகாட்டவில்லை.

இறங்கத் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக ப்ரேக்கை மிதித்தேன். வேன் அவர்கள் பக்கத்தில் போய் நின்றது.

இவர் இறங்கிப் பின்கதவைத் திறந்துவிட்டார். துஷ்யந்தி அம்மாவைப் பார்த்தாள். அவர் கதவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மகளின் கையை விடாமல், அன்றைக்குப் புகைந்த முன் சக்கரத்தருகே வந்து குனிந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியில் வைத்துப் பார்ப்பதுபோல், மற்றக் கையின் உள்ளங்கையை அதன் இரும்பின் மேல் வைத்தார். இரும்பு சுடவில்லை, வைத்த கையை எடுக்காமல் அப்படியே குனிந்து நின்றார்.